சுசுகி என்ற ஜப்பானியக் குடும்பப்பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் சுசுகி என்றால் வண்டி. ஜப்பானில் அது பள்ளி வருகைப்பதிவில் ஆசிரியர் ஒரே வகுப்பில் மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கும் பெயர். எங்கிருந்து வந்தது, என்ன பொருள், எப்படி எழுதுவது, எப்படிக் கூப்பிடுவது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஒரே வரியில் சொல்லுங்கள்: சுசுகி என்றால் என்ன அர்த்தம்?

எழுத்தைப் பார்த்தால் 'மணி மரம்' (ஒலிக்கும் மணி). பெயர் பிறந்த இடத்தில் கேட்டால் 'அறுத்த நெற்கதிர்களை அடுக்கிய போர்'. பெயர்ப் பட்டியல்களில் முதல் அர்த்தம்தான் கிடைக்கும். நம்ப வேண்டியது இரண்டாவதை.

மணி, மரம் என்று தெளிவாக எழுதியிருக்கும்போது அர்த்தம் எப்படி நெற்போர் ஆகும்?

ஜப்பானியர் பேசிய மொழி முதலில் இருந்தது. எழுத்து பின்னால் சீனாவிலிருந்து வந்தது. கான்ஜி எனப்படும் அந்தச் சீன எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகப் பொருள் உண்டு. ஏற்கெனவே வாயில் புழங்கும் ஊர்ப்பெயரையோ குலப்பெயரையோ எழுத வேண்டி வந்தபோது இரண்டு வழி இருந்தது: பொருள் பார்த்து எழுத்தைத் தேடுவது, அல்லது ஒலி பொருந்தும் எழுத்துகளைப் பொருளைக் கவலைப்படாமல் சேர்த்துவிடுவது. இரண்டாவது வழிக்கு 'அதேஜி' என்று பெயர். சுசுகி அந்த ரகம். 'சுசு' என்ற ஒலிக்குச் சிறு மணியைக் குறிக்கும் எழுத்து, 'கி' என்ற ஒலிக்கு மரத்தைக் குறிக்கும் எழுத்து. மணி கோயிலில் ஒலிப்பது, மரம் கடவுள் இறங்கும் இடம். மங்கலமான எழுத்துகளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அதற்கு மேல் அந்த எழுத்துகளுக்குள் பெயரின் வரலாறு இல்லை.

ஜப்பானியப் பெயரின் பொருளைத் தேடுகிற யாருக்கும் முதல் தப்பு இங்கேதான் நேர்கிறது. கான்ஜி என்பது பெயர் போட்டிருக்கும் சட்டை. சட்டையை வைத்து ஆளைச் சொல்லக் கூடாது. குடும்பப்பெயர் என்றால் முதலில் ஒலியை எடுத்துக்கொண்டு, அது பிறந்த வட்டாரத்தில் அந்த ஒலிக்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும்.

அந்த நெற்போர் எப்படிப்பட்டது? அதில் அப்படி என்ன விசேஷம்?

இலையுதிர் காலத்தில் அறுத்த நெல்லைக் கதிரோடு கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். வயலில் ஒரு கம்பை நட்டு, கதிர் உள்பக்கமும் அறுத்த தாள் வெளிப்பக்கமுமாகக் கம்பைச் சுற்றி வட்டமாக அடுக்கி உயர்த்துவார்கள். மழை பெய்தால் தாள் நனையும், நெல்மணி நனையாது. மேற்கு ஜப்பானின் வட்டார வழக்குகளில் இந்தப் போருக்கு 'ஸுஸுகி' என்ற பெயர் உண்டு. மற்ற வட்டாரங்களில் 'நியோ', 'இனாமுரா' என்றெல்லாம் சொல்வார்கள்.

நெல்லுக்கு உயிர் உண்டு, அது வானிலிருந்து இறங்கி வரும் என்பது பழைய நம்பிக்கை. இறங்க ஒரு பிடிமானம் வேண்டுமே, நடுக்கம்பு அதற்குத்தான். கம்பின் வழியாக இறங்கும் தெய்வம் அடுக்கி வைத்த கதிரில் தங்கி, அடுத்த ஆண்டு விதைநெல்லுக்கு உயிர் கொடுக்கும். ஆகவே ஸுஸுகி என்பது வெறும் தானியக் குவியல் இல்லை. அறுவடை முடிந்த வயலில் நிற்கும் தற்காலிகக் கோயில். பூசாரிக் குலம் ஒன்று இதைத் தன் பெயராக வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

எந்தக் குலம்? எந்த ஊர்?

ஹொன்ஷு தீவின் தெற்கே கடலுக்குள் நீளும் கீ தீபகற்பம். அதன் தென்பகுதி மலைநாடு குமானோ. இன்றைய வகாயாமா மாநிலத்தில் பெரும்பகுதி வரும். ஹொங்கூ, ஷிங்கூ, நாச்சி என்ற மூன்று பெருங்கோயில்களும், அவற்றுக்குப் போகும் குமானோ கோதோ என்ற யாத்திரைப் பாதைகளும் 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இந்தக் கோயில்களைச் சார்ந்து மூன்று குலங்கள் இருந்தன: உய், எனோமோதோ, சுசுகி. சுசுகிகளின் பழைய குலப்பெயர் ஹோசுமி. இதன் எழுத்துகள் மட்டும் பொய் சொல்வதில்லை: 'கதிர்', 'குவித்தல்'. அதாவது ஹோசுமியும் ஸுஸுகியும் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள். சுசுகிக்கு நெற்போர் என்று பொருள் சொல்வதற்கு மிக வலுவான சான்று இதுதான்.

கோயில் வழிக் கதை ஒன்றும் உண்டு. குமானோ தெய்வம் இறங்கி வந்தபோது மூன்று சகோதரர்கள் வரவேற்றார்களாம். ஒருவர் எனோகி மரத்தடியில் இடம் அமைத்தார், எனோமோதோ ஆனார். ஒருவர் உருண்டையான அரிசி மோச்சி படைத்தார். உய் குலத்தின் மூதாதை ஆனார். மூன்றாமவர் நெற்கதிர் படைத்தார், ஹோசுமி ஆனார். பெயரிலிருந்து பின்னோக்கிக் கட்டிய கதை என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஆனாலும், கதை கட்டியவர்களுக்கே சுசுகி என்றால் நெல் என்ற நினைவு இருந்திருக்கிறது. மணி அவர்கள் கதையில் வரவே இல்லை. சுசுகி வீட்டுச் சின்னங்களில் நெற்கதிர் வளையம் அடிக்கடி வருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

'சுசுகிகளின் மூலவீடு' என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. வகாயாமா மாநிலத்தின் கய்னான் நகரில், ஃபுஜிஷிரோ கோயில் வளாகத்துக்குள். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுசுகி குலத்தின் ஒரு கிளை ஷிங்கூவிலிருந்து இங்கே வந்து தங்கி, குமானோ யாத்திரிகர்களுக்கு வழிகாட்டும் பணியைச் செய்தது என்பது மரபுவழிச் செய்தி. இந்த வீட்டைச் சேர்ந்த சுசுகி சபுரோ ஷிகெஇயே, புகழ்பெற்ற போர்த்தளபதி மினாமோதோ நோ யோஷித்சுனேவின் படைத்துணையாக வடக்கே போய் 1189-இல் கொரோமோகவாவில் அவரோடு மடிந்தவர். யோஷித்சுனே வில்லை மாட்டி வைத்ததாகச் சொல்லப்படும் பைன் மரத்தின் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

நேர்வாரிசு 1942-இல் அற்றுப்போனது. வீடு பல காலம் சிதைந்து கிடந்து, நன்கொடை திரட்டிச் சீரமைக்கப்பட்டு 2023-இல் திறக்கப்பட்டது. நாடெங்குமுள்ள சுசுகிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அதே கோயிலைப் பற்றி இன்னொன்று. அங்குள்ள கற்பூர மரத்தை வேண்டி, குழந்தைகளுக்கு 'ஃபுஜி', 'குமா', 'குசு' என்ற மூன்றில் ஒன்றைப் பெயரில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. இயற்கையியலாளர் மினாகதா குமாகுசு (1867–1941) அதில் இரண்டை வாங்கிக்கொண்டவர்: கரடியும் கற்பூர மரமும்.

தெற்குக் கோடியில் பிறந்த பெயர் தோக்கியோ பக்கம் எப்படி இவ்வளவு பரவியது?

இரண்டு அலைகள். முதலாவது பக்தி. குமானோ வழிபாட்டைப் பரப்பிய பூசாரிகளும் வழிகாட்டிகளும் பசிபிக் கடற்கரையோரமாகக் கிழக்கே போனார்கள். போன இடங்களில் குமானோ கோயில்கள் எழுந்தன. நாடு முழுவதும் இன்று மூவாயிரத்துக்கு மேல் இருப்பதாகச் சொல்வார்கள். கூடவே சுசுகி என்ற பெயரும் ஊன்றியது. மிகாவா, தோத்தோமி என்ற பழைய நாடுகளில், அதாவது இன்றைய ஐச்சி மாநிலத்தின் கிழக்கிலும் ஷிசுஓகாவின் மேற்கிலும், சுசுகிகள் சிறு நிலக்கிழார்களாக வேர்விட்டார்கள்.

இரண்டாவது அரசியல். மிகாவா என்பது, பின்னாளில் ஜப்பானின் ஆட்சியைப் பிடித்த தோகுகாவா இஎயாசுவின் சொந்த மண். 1590-இல் அன்று நாட்டை ஆண்ட தோயோதோமி ஹிதேயோஷி அவரை அங்கிருந்து பெயர்த்துக் கிழக்கே கான்தோ சமவெளிக்கு மாற்றினார். இஎயாசு எதோ நகரில் அமர்ந்தார். பின்னாளில் தோக்கியோ ஆன ஊர் அதுதான். அவருடன் போன படைவீரர்களிலும் ஊழியர்களிலும் சுசுகிகள் நிறையப் பேர். வெல்லும் பக்கத்தில் இருந்ததால் பெயருக்கு மதிப்பும் வந்தது.

தெற்கே தங்கிய கிளைகளும் சும்மா இருக்கவில்லை. வகாயாமாவின் சைகா பகுதியில் துப்பாக்கிப் படை நடத்தி, ஹிதேயோஷிக்கு முன் அதிகாரத்தில் இருந்த ஓதா நொபுநாகாவை எதிர்த்த மகோஇச்சி, சுசுகி குலத்தவர்தான். ஆனால் அந்தப் பக்கம் தோற்றது. இன்று வகாயாமாவில் அதிகம் காணும் பெயர் யாமாமோதோ; பெயர் பிறந்த மாநிலத்தில் சுசுகி முதலிடத்தில் இல்லை.

அப்படியானால் எல்லா சுசுகிகளும் பங்காளிகளா?

இல்லை. எதோ நகரிலிருந்து தோகுகாவா குடும்பம் ஆண்ட காலத்தில் சாமானியர் அரசுப் பதிவுகளில் குடும்பப்பெயர் பயன்படுத்தத் தடை இருந்தது. ஊருக்குள் பலர் பெயர் வைத்திருந்தார்கள். வெளியே சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அதற்குப் பின் வந்த மேஜி அரசு 1870 செப்டம்பரில் எல்லோரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றது. 1872-இல் நாடு தழுவிய குடும்பப் பதிவேடு வந்தது. அப்போதும் பலர் தயங்கினார்கள். வரி கூடுமோ என்ற பயம் ஒரு காரணம். 1875 பிப்ரவரியில் அது கட்டாயமானது. பழைய பெயரை மீட்டவர்கள் பெரும்பாலோர். இல்லாதவர்கள் ஊர்த்தலைவர் பெயரையோ, கோயில் தொடர்புள்ள பெயரையோ எடுத்துக்கொண்டார்கள். சுசுகிகள் ஏற்கெனவே அடர்ந்திருந்த கிழக்கில் அந்தப் பெயரை எடுப்பது இயல்பு.

'1875-இல்தான் ஜப்பானியர் எல்லோரும் அவசர அவசரமாகப் பெயரைக் கற்பனை செய்தார்கள்' என்று ஒரு கதை உலவுகிறது. மிகைப்படுத்தல்.

எத்தனை பேர் இருக்கிறார்கள்?

சுமார் 17 முதல் 18 லட்சம் பேர். எழுபது ஜப்பானியரில் ஒருவர். முதலிடம் சாதோவுக்கு, இரண்டாமிடம் சுசுகிக்கு. குடும்பப்பெயர் வாரியாக அரசு எண்ணிக்கை வெளியிடுவதில்லை. தொலைபேசிப் பட்டியல் போன்றவற்றிலிருந்து கணிக்கிறார்கள். அதனால்தான் தளத்துக்குத் தளம் எண் மாறுகிறது. ஷிசுஓகா, ஐச்சி, கனகாவா, சிபா மாநிலங்களில் சுசுகிதான் முதலிடம். ஷிசுஓகாவில் நூற்றுக்கு ஐந்து பேர், ஹமாமத்சு நகரில் இன்னும் அடர்த்தி.

வண்டி நிறுவனத்துக்கும் இந்தக் குலத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறுவனத்தின் பெயர் நிறுவனரின் குடும்பப்பெயர். சுசுகி மிச்சியோ 1909-இல் அதே ஹமாமத்சுவில் தறி செய்யும் பட்டறை தொடங்கினார். 1952-இல் மிதிவண்டியில் மாட்டும் எஞ்சின், 1954-இல் நிறுவனத்தின் பெயரில் 'மோட்டார்', 1955-இல் சுசுலைட் என்ற சிறு கார். தறியிலிருந்து வண்டிக்கு வந்தவர் இவர் மட்டும் இல்லை. தொயோதாவும் அப்படி வந்ததுதான்.

பெயர் எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பதற்கும் இந்தக் குடும்பம் நல்ல உதாரணம். மிச்சியோவுக்குப் பின் தலைமை ஏற்ற ஷுன்சோ, குடும்பத்துக்கு மருமகனாக வந்தவர். 1978-இல் தலைவரான ஓசாமுவும் அப்படித்தான். பிறந்தபோது அவர் பெயர் மத்சுதா ஓசாமு. மிச்சியோவின் பேத்தியை 1958-இல் மணந்து சுசுகி ஆனார். ஆண் வாரிசு இல்லாத வீடு மருமகனைத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுப்பதற்கு 'முகோயோஷி' என்று பெயர். நம் வழக்கிலுள்ள வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். இது சட்டப்படியான தத்து, பெயரோடு தொழிலும் சொத்தும் மாறும், ஏளனம் எதுவும் இல்லை. மாருதியுடன் 1982-இல் கைகோத்தவர் இந்த ஓசாமுதான். 2024 டிசம்பரில் காலமானார். மறு மாதம் இந்திய அரசு பத்ம விபூஷண் அறிவித்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரைப் பிரபலப்படுத்தியது கார் மட்டும் இல்லை. ஓசூரில் டிவிஎஸ் குழுமத்துடன் சேர்ந்து 1984-இல் வந்த இந்த்-சுசுகி பைக், பின்னால் மேக்ஸ் 100, சாமுராய் எல்லாம் டிவிஎஸ்-சுசுகி பெயரில் ஓடின. 2001-இல் இரண்டு நிறுவனங்களும் பிரிந்தன.

எழுத்தை எப்படி எழுதுவது? எங்கே தப்பு வரும்?

இரண்டு எழுத்துகள், மொத்தம் 17 கோடுகள். முதல் எழுத்து 13 கோடு: இடப்பக்கம் உலோகத்தைக் குறிக்கும் 8 கோட்டு உறுப்பு, வலப்பக்கம் 'கட்டளை' என்ற பொருளுள்ள 5 கோட்டு உறுப்பு. வலப்பக்கம் பொருளுக்காக இல்லை. சீனத்தில் அந்த எழுத்தின் ஒலியைக் காட்ட. இரண்டாவது எழுத்து மரம், 4 கோடு: கிடைக்கோடு, நெடுக்கோடு, இடச்சாய்வு, வலச்சாய்வு.

கற்பவர்களைக் குழப்புவது வலப்பக்க உறுப்பு. அச்சில் அதன் கடைசிக் கோடு நேராகக் கீழே இறங்கும். கையெழுத்தில் அதே இடம் கதகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து வரிசையின் 'மா' எழுத்தைப் போல ஒரு கோணமும் புள்ளியுமாக இருக்கும். இரண்டும் ஒரே எழுத்துதான். அச்சைப் பார்த்துக் கையால் எழுதியவர் தவறு செய்துவிட்டதாகத் திருத்துவது வேண்டாத வேலை.

சுசுகி என்றால் எப்போதும் இந்த இரண்டு எழுத்துகள்தானா?

பெரும்பாலும் ஆம். ஆனால் கடல் மீன் ஒன்றைக் குறிக்கும் 27 கோட்டு ஒற்றை எழுத்தை வைத்துச் சுசுகி என்று எழுதும் குடும்பங்கள் உண்டு. மீனின் பெயரும் சுசுகிதான். அகிதா பக்கம் 'மங்கலம், பைன், மரம்' என்ற மூன்று எழுத்துகளில் எழுதுகிறவர்களும் உண்டு. ஒலி ஒன்று, சட்டை வேறு. எனவே அழைப்பிதழோ சான்றிதழோ அச்சடிக்கும்போது, ஒலியை வைத்து எழுத்தை நீங்களே ஊகிக்காமல் அவரிடமே எழுதி வாங்குங்கள்.

மறுபக்கம், வழக்கமான இரண்டு எழுத்துகளையே சீனர்கள் 'லிங்மு' என்று படிப்பார்கள். சீனாவில் சுசுகி கார் லிங்மு கார்தான்.

தமிழில் எப்படி எழுதுவது: சுசுகி, சுஸுகி, சுசூகி, சுசுக்கி?

மூல ஒலியில் மூன்று அசை, மூன்றும் ஒரே அளவு குறில், எந்த அசையிலும் அழுத்தம் இல்லை. நடு எழுத்தின் மெய், வண்டு ரீங்காரம் போல அதிரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. 'சுசூகி' என்று நடுவில் நெடில் போடுவது ஆங்கில உச்சரிப்பைப் பார்த்து வந்த பழக்கம். ஜப்பானிய மொழியில் குறில் நெடில் வேறுபாடு தமிழைப் போலவே பொருளை மாற்றும் என்பதால் இதைத் தவிர்ப்பது நல்லது. 'சுசுக்கி' என்றால் ககரம் வல்லினமாக ஒலிக்கும் என்பது சரி, ஆனால் மெய் இரட்டித்துவிடும். 'சுசுகி' என்று எழுதி, கடைசி எழுத்தை 'கிளி'யின் முதலெழுத்தாகப் படித்தால் போதுமான அளவு நெருங்கிவிடலாம்.

எப்படிக் கூப்பிடுவது?

'சுசுகி-சான்'. ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆசிரியர், மருத்துவர் என்றால் 'சுசுகி-சென்செய்'. உங்களை நீங்களே சொல்லும்போது சான் சேர்க்கக் கூடாது. குடும்பப்பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஆங்கில எழுத்தில் எழுதும் அரசு ஆவணங்களிலும் இதே வரிசையைப் பின்பற்ற 2020 ஜனவரியிலிருந்து ஜப்பான் அரசு வழிசெய்தது. பழைய ஆவணங்களில் தலைகீழாக இருக்கும் என்பதால் எது குடும்பப்பெயர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் நான்கு சுசுகிகள் இருந்தால் சொந்தப் பெயரோடு சான் சேர்ப்பார்கள், அல்லது துறையைச் சேர்த்துச் சொல்வார்கள். மின்னஞ்சலில் வெறும் 'சுசுகி-சானுக்கு' என்று போட்டால் தவறான ஆளுக்குப் போய்ச் சேரும். முழுப்பெயரும் துறையும் எழுதுங்கள். பேஸ்பால் வீரர் சுசுகி இச்சிரோ 1994-இல் சட்டையில் 'இச்சிரோ' என்று மட்டும் போட்டு ஆடத் தொடங்கினார். சுசுகி என்று போட்டிருந்தால் யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

குழந்தைக்கு சுசுகி என்று பெயர் வைக்கலாமா?

இந்தியாவில் யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் அது குடும்பப்பெயர். ஜப்பானியர் காதில் விநோதமாக விழும். மணியின் ஒலி பிடித்திருந்தால் பெண் குழந்தைக்கு சுசு, சுசுனே (மணியோசை), மிசுசு என்ற சொந்தப் பெயர்கள் இருக்கின்றன.

சுசுகா பந்தயத்தளம் சுசுகியுடையதா?

இல்லை. சுசுகா என்பது மியே மாநிலத்தில் உள்ள ஊர். அங்கே 1962-இல் பந்தயத்தளம் கட்டியது ஹோண்டா. அதேபோல இலையுதிர் காலத்தில் நிலவுக்குப் படைக்கும் வெள்ளிப்பூப் புல்லின் பெயரும் சுசுகியைப் போலவே ஒலிக்கும். நடு ஒலி மட்டும் அதிராது. புல்லிலிருந்துதான் குடும்பப்பெயர் வந்தது என்று எழுதுகிறவர்கள் ஹோசுமியை மறந்துவிடுகிறார்கள்.

தமிழோடு தொடர்பு உண்டா?

மொழியியலாளர் ஓனோ சுசுமு (1919–2008) ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல நூல்கள் எழுதினார். நெல் சார்ந்த சொற்களுக்கு அதில் பெரிய இடம். மொழியியலாளர்களில் பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. எப்படியானாலும் ஒலி ஒத்திருக்கிறது என்று ஒரு குடும்பப்பெயரை எடுத்து உறவு கொண்டாட முடியாது.

இந்தப் பெயரில் தெரிந்திருக்க வேண்டியவர்கள்?

ஜென் பௌத்தத்தை மேற்குலகுக்குக் கொண்டுபோன சுசுகி தைசெத்சு, குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்கும் முறையை உருவாக்கிய சுசுகி ஷினிச்சி, 1945-இல் போர் முடிந்தபோது பிரதமராக இருந்த சுசுகி காந்தாரோ, 2010-இல் வேதியியல் நோபல் பெற்ற சுசுகி அகிரா. பெயருக்கு மிகப் பொருத்தமானவர் சுசுகி உமெதாரோ: 1910-இல் அரிசித் தவிட்டிலிருந்து பிற்காலத்தில் வைட்டமின் பி1 என்று அறியப்பட்ட பொருளைப் பிரித்தெடுத்தவர்.

சுசுகி ஒருவரைத் திருமணம் செய்தால் என் பெயரும் மாறிவிடுமா?

இரண்டு ஜப்பானியர் மணந்தால் சிவில் சட்டத்தின் 750-ஆம் பிரிவுப்படி ஒரே குடும்பப்பெயர் கட்டாயம். கணவர் பெயரா மனைவி பெயரா என்பது அவர்கள் விருப்பம். நடைமுறையில் சுமார் 95 சதவீதம் பேர் கணவர் பெயரை எடுக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2015-இலும் 2021-இலும் இந்தப் பிரிவு செல்லும் என்றது.

வெளிநாட்டவர் ஜப்பானியரை மணந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. அவரவர் பெயர் அப்படியே இருக்கும். ஜப்பானியத் துணை உங்கள் குடும்பப்பெயரை எடுக்க விரும்பினால் திருமணமான 6 மாதத்துக்குள் நகராட்சியில் ஓர் அறிவிப்புப் படிவம் போதும். தாண்டினால் குடும்ப நீதிமன்ற அனுமதி வேண்டும். நீங்கள் சுசுகி என்று புழங்க விரும்பினால் அதை அன்றாடம் புழங்கும் மாற்றுப்பெயராக நகராட்சியில் பதியலாம், கடவுச்சீட்டு மாறாது. தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்திருக்கும் தமிழர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில்: குடும்பப்பெயர் கட்டத்தில் எதைப் போடுவது என்பதில். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் போடுங்கள். வங்கியில் ஒரு விதம், நகராட்சியில் ஒரு விதம் என்றால் பின்னால் கணக்குத் திறக்கவே அலைய வேண்டும்.

கடையில் வாங்கிய சுசுகி முத்திரை போதுமா?

ஜப்பானில் கையெழுத்துக்குப் பதில் பெயர் பொறித்த முத்திரை குத்தும் வழக்கம் உண்டு. நூறு யென் கடையில் சுசுகி முத்திரை எப்போதும் இருக்கும். கூரியர் வாங்க, அலுவலகச் சுற்றறிக்கையில் குத்த அது போதும். நகராட்சியில் பதிவு செய்யும் முத்திரைக்கு உதவாது; அதே அச்சு இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கும். பதிவுக்கு முழுப்பெயர் பொறித்துச் செய்யக் கொடுங்கள். பொதுவாக அச்சு 8 மில்லிமீட்டர் சதுரத்தைவிடப் பெரிதாகவும் 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். ரப்பர் முத்திரை அழுத்தினால் வடிவம் மாறும் என்பதால் ஏற்க மாட்டார்கள்.

சுசுகி முன்னோர்களைத் தேடுவது எப்படி?

குடும்பப் பதிவேடான கொசெகியிலிருந்து தொடங்குங்கள். தனக்கு, துணைக்கு, நேர்மேல் முன்னோருக்கு, நேர்கீழ் வாரிசுகளுக்கு உரிய பதிவை வாங்கலாம். 2024 மார்ச் 1 முதல் பதிவு எந்த ஊரில் இருந்தாலும் எந்த நகராட்சியிலும் நேரில் போய் வாங்க முடிகிறது. சகோதரர் பதிவுக்கு இந்த வசதி இல்லை. நடப்புப் பதிவின் நகல் 450 யென், மூடப்பட்ட பழைய பதிவு 750 யென். ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் ஊர் இருக்கும். அதைப் பிடித்துப் பின்னால் போங்கள். 1886-இல் வந்த வடிவம்வரை கிடைக்கக்கூடும். 1872 பதிவேட்டில் பழைய சமூகப் பிரிவுகள் எழுதப்பட்டிருந்தன. பாகுபாட்டுக்குப் பயன்படுத்தப்பட்டதால் 1968 முதல் யாருக்கும் காட்டுவதில்லை. அதற்கு முந்தையதற்குக் குலக் கோயிலின் இறப்புப் பதிவேடும் கல்லறைக் கற்களும்தான்.

பதிவை வாங்கியதும் ஒன்றைக் கவனிப்பீர்கள்: பழைய பதிவுகளில் கான்ஜி மட்டும் இருக்கும், அதை எப்படிப் படிப்பது என்று இருக்காது. பெயரின் ஒலியைக் கொசெகியில் சேர்க்கும் சட்டத்திருத்தம் 2025 மே 26-இல்தான் நடைமுறைக்கு வந்தது.